இரண்டு சகோதரர்கள், இரண்டு அநீதிகள்: கயத்தாறும் பாளையங்கோட்டைச் சிறையும்

1799 அக்டோபர் 16. கயத்தாறில் பாளையக்காரர்கள் எல்லாரும் வரவழைக்கப்பட்டு வரிசையாக நிறுத்தப்பட்டிருந்தார்கள். நடுவில் கைதியாக வீரபாண்டிய கட்டபொம்மன். எதிரே மேஜர் பானர்மேன். குற்றச்சாட்டுகள் சொல்லப்பட்டன, கேள்விகள் கேட்கப்பட்டன, தீர்ப்பும் சொல்லப்பட்டது. அதே நாளில் பழைய கோட்டைக்கு அருகே ஒரு புளியமரத்தில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். விசாரணை, தீர்ப்பு, தண்டனை மூன்றும் ஒரே நாளில்!

இந்தக் காட்சி தமிழர் எல்லாருக்கும் தெரியும். 1959இல் வந்த திரைப்படம் அதை வீடு வீடாகக் கொண்டு சேர்த்துவிட்டது. ஆனால் அந்தக் குடும்பத்தில் இன்னொருவருக்கு நடந்ததைப் பற்றி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கட்டபொம்மனின் தம்பி குமாரசாமி, அதாவது ஊமைத்துரை, பாளையங்கோட்டைச் சிறையில் ஏறக்குறைய 16 மாதங்கள் அடைக்கப்பட்டிருந்தார். அண்ணனுக்கு விசாரணை ஒரே நாளில் முடிந்தது. தம்பிக்கோ விசாரணை வரவே இல்லை.

"விரைவான விசாரணை" என்பது இன்று இந்தியக் குடிமகனின் அடிப்படை உரிமை. அப்படியென்றால் கட்டபொம்மனுக்குக் கிடைத்தது அந்த உரிமையா? இல்லை என்று எல்லாரும் சொல்லிவிடுவோம். ஏன் இல்லை என்று கேட்டால்தான் அந்த உரிமையின் உண்மையான பொருள் புரியும்.

ஓராண்டுக்கு முன் நடந்த விசாரணை

கும்பினிக்கு முறையான விசாரணை என்றால் என்னவென்று தெரியாது என்று சொல்லிவிட முடியாது. கயத்தாறுக்கு ஓராண்டு முன்னால் அவர்களே அப்படி ஒன்றை நடத்தியிருக்கிறார்கள்.

1798 செப்டம்பரில் கலெக்டர் ஜாக்சன், கிஸ்தி பாக்கிக்காகக் கட்டபொம்மனை இராமநாதபுரத்துக்கு வரச் சொன்னார். அங்கே பேச்சு முற்றிக் கைகலப்பானது. கும்பினித் தரப்பில் லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார். கட்டபொம்மன் தப்பிவிட்டார். அவருடைய தானாபதி சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார்.

கட்டபொம்மன் மதராஸ் அரசிடம் முறையிட்டார். கவர்னர் எட்வர்ட் கிளைவ், ஜாக்சனைப் பதவியிலிருந்து விலக்கி வைத்தார். தானாபதி விடுவிக்கப்பட்டார். வில்லியம் பிரவுன், வில்லியம் ஓரம், ஜான் காஸாமேஜர் ஆகிய மூவர் குழு அமைக்கப்பட்டது. 1798 டிசம்பர் 15 அன்று கட்டபொம்மன் அந்தக் குழுவின் முன் வந்து, இராமநாதபுரத்தில் நடந்ததைத் தன் பக்கத்திலிருந்து சொன்னார். குழு அவர் மீது குற்றமில்லை என்று முடிவு செய்தது. ஜாக்சன் இடத்துக்கு லூஷிங்டன் கலெக்டராக வந்தார்.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, புகார் சொன்ன ஜாக்சன் நீதிபதியாக இல்லை. இரண்டாவது, குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தன் பதிலைத் தயார் செய்ய மூன்று மாத அவகாசம் இருந்தது. மூன்றாவது, அவர் சொன்னதைக் கேட்டு முடிவை மாற்றிக்கொள்ளத் தயாராக இருந்தவர்கள் கேட்டார்கள்.

கயத்தாறில் இந்த மூன்றுமே இல்லை.

1799 செப்டம்பர் 1 அன்று பானர்மேன் கெடு விதித்தார்: 4ஆம் தேதி பாளையங்கோட்டைக்கு வர வேண்டும். 5ஆம் தேதி பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தாக்கப்பட்டது. 13ஆம் தேதி நாகலாபுரத்தில் சிவசுப்பிரமணிய பிள்ளை கொல்லப்பட்டார். புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள் கட்டபொம்மனைப் பிடித்து ஒப்படைத்தார்கள். படை நடத்தி வந்த அதே பானர்மேன்தான் கயத்தாறில் நீதிபதி. கூடியிருந்த பாளையக்காரர்கள் ஜூரிகள் அல்லர். பார்த்துப் பயப்படுவதற்காக அழைத்து வரப்பட்டவர்கள்.

கட்டபொம்மன் குற்றச்சாட்டுகளை மறுக்கவில்லை, துணிந்து ஒப்புக்கொண்டார் என்பார்கள். அவரே ஒப்புக்கொண்ட பிறகு விசாரணை எதற்கு என்று சிலர் கேட்கலாம். போரில் தோற்றுப் பிடிபட்டவர், தன்னை வென்றவன் முன்னால் தனியாக நிற்கும்போது சொல்வதை ஒப்புதல் வாக்குமூலம் என்று எடுத்துக்கொண்டால், உலகத்தில் எந்த நீதிமன்றமுமே தேவைப்படாது.

அன்று நடந்ததைப் பானர்மேனே மறுநாள் மதராஸுக்கு எழுதினார். திருநெல்வேலி வரலாற்றை எழுதிய கால்டுவெல் பாதிரியார் 1881இல் அந்தக் கடிதத்தைத் தன் நூலில் சேர்த்திருக்கிறார். கட்டபொம்மன் கொஞ்சமும் அஞ்சவில்லை என்றும், எட்டயபுரத்தாரையும் சிவகிரியாரையும் ஏளனமாகப் பார்த்தார் என்றும் அதில் இருக்கிறது. இன்னொரு செய்தியும் இருக்கிறது. தூக்குமரத்துக்குப் போகும் வழியில் அவர் கவலைப்பட்டது ஒரே ஒருவரைப் பற்றித்தானாம். அது அவருடைய ஊமைத் தம்பி.

பேச முடியாத கைதி

அண்ணன் கவலைப்பட்டதற்குக் காரணம் இருந்தது. ஊமைத்துரையும் இன்னொரு தம்பி செவத்தையாவும் பாளையங்கோட்டையில் அடைக்கப்பட்டார்கள். இத்தனை நாள் தண்டனை என்று ஒரு கணக்கு இல்லை. எப்போது விசாரணை, எப்போது விடுதலை என்று சொல்ல யாரும் இல்லை. கேட்பதற்கு ஒரு நீதிமன்றமும் இல்லை.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. ஒருவேளை விசாரணை நடந்திருந்தால், பேச முடியாத ஊமைத்துரை எப்படிப் பதில் சொல்லியிருப்பார்? அவருக்கு நடப்பது புரிந்திருக்குமா?

இதற்குப் பதில் ஓர் ஆங்கிலேயரிடமே இருக்கிறது. 1801 போரில் கும்பினிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ், 1830இல் வெளியான தன் நினைவுக் குறிப்புகளில் ஊமைத்துரையைப் பற்றி வியந்து எழுதியிருக்கிறார். அவர் காட்டும் சைகையைத் தெய்வ வாக்காக ஏற்று வீரர்கள் ஓடினார்களாம். சிறு சிறு வைக்கோல் துண்டுகளை இடது உள்ளங்கையில் அடுக்கி அதுதான் வெள்ளைக்காரப் படை என்று காட்டுவாராம். பிறகு வலது கையால் அதை ஒரே வீச்சில் துடைத்துத் தள்ளுவாராம். அதுதான் தாக்குதலுக்கு உத்தரவு! ஒரு படையையே சைகையால் நடத்தியவருக்குத் தன் வழக்கு மட்டும் புரியாமலா போயிருக்கும்? அவருக்குப் புரிய வைக்கவும், அவர் சொல்வதைப் புரிந்துகொள்ளவும் ஆள் இருந்திருந்தால் போதும்.

16 மாதம் காத்திருந்த கைதிகள், 1801 பிப்ரவரி 2 அன்று சிறையிலிருந்து தப்பினார்கள். இடிந்து கிடந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை சில நாட்களில் மறுபடியும் எழுந்து நின்றது. மே 24 வரை அது தாக்குப்பிடித்தது. அதன்பின் ஊமைத்துரை சிவகங்கைக்குப் போய் மருது சகோதரர்களோடு சேர்ந்து போரிட்டார். கடைசியில் பிடிபட்டு, 1801 நவம்பர் 16 அன்று பாஞ்சாலங்குறிச்சியிலேயே செவத்தையாவோடு தூக்கிலிடப்பட்டார். மறு ஆண்டு 73 பேர் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டார்கள். அவர்களில் சின்ன மருதுவின் சிறு வயது மகன் துரைசாமியும் ஒருவர்.

இன்றைய சட்டத்தில் இவர்கள் நின்றிருந்தால்...

முதலில் அண்ணனின் வழக்கு. 1968இல் உத்தரப் பிரதேசத்தில் நடந்த ஒரு கொலை வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கு தொடங்கும் அன்றுதான் நீதிமன்றம் வக்கீலை நியமித்தது. அன்றைக்கே சாட்சி விசாரணையும் ஆரம்பமானது. முடிவில் மரண தண்டனை. வக்கீல் வழக்கைப் படிக்கவும் கட்சிக்காரரோடு பேசவும் நேரம் தரப்படவில்லை என்பதற்காக உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. மீண்டும் விசாரிக்க உத்தரவிட்டது. வேகமாக முடிந்த விசாரணையே செல்லாத விசாரணை ஆகலாம் என்பது இதிலிருந்து தெரிகிறது.

அடுத்து தம்பியின் வழக்கு. 1979இல் ஹுசைனாரா கதூன் வழக்கில் பீகார் சிறைகளின் நிலை வெளியே வந்தது. குற்றம் நிரூபணமானால்கூட அதிகபட்சமாக எவ்வளவு தண்டனை கிடைக்குமோ, அதைவிட நீண்ட காலம் விசாரணைக் கைதிகளாகவே பலர் உள்ளே கிடந்தார்கள். நீதிபதி பகவதி தலைமையிலான அமர்வு, விரைவான விசாரணை அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவுக்குள் அடங்கிய உரிமை என்று அறிவித்தது. 1992இல் அந்துலே வழக்கில் ஐந்து நீதிபதிகள் இதை இன்னும் விரித்தார்கள். புலன்விசாரணையில் தொடங்கி மேல்முறையீடு, மறுவிசாரணை வரை எல்லாக் கட்டத்திலும் இந்த உரிமை உண்டு என்றார்கள். காரணங்களையும் சொன்னார்கள்: தேவையில்லாமல் சிறையில் இருக்கக் கூடாது, வழக்கின் கவலை ஒருவரை அரிக்கக் கூடாது, நாள் ஓட ஓடச் சாட்சிகள் இறந்தும் மறந்தும் போய், தன்னைக் காத்துக்கொள்ள முடியாத நிலை வரக் கூடாது.

மூன்றாவது காரணம்தான் சாவி. விரைவு எதற்காக? குற்றம் சாட்டப்பட்டவர் பதில் சொல்ல முடிய வேண்டும் என்பதற்காக. அப்படியானால் பதில் சொல்லவே விடாத விரைவை அந்த உரிமையின் கணக்கில் சேர்க்க முடியாது.

சரி, பதில் சொல்ல இயலாதவர் என்றால்? இந்தியச் சட்டம் இதை இரண்டாகப் பிரிக்கிறது. மனநலம் குன்றித் தன்னைக் காத்துக்கொள்ள முடியாதவராக இருந்தால் விசாரணையைத் தள்ளிவைத்துச் சிகிச்சைக்கு வழி செய்ய வேண்டும். மனநலம் சரியாக இருந்தும் நடப்பதைப் புரிய வைக்க முடியவில்லை என்றால் அது வேறு. காது கேளாத, பேச இயலாத சிலரின் வழக்குகள் இதில்தான் வரும். 1973ஆம் ஆண்டுக் குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் இது 318ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 357ஆம் பிரிவு. கீழ் நீதிமன்றம் விசாரணையைத் தொடரலாம். ஆனால் குற்றவாளி என்று முடிவானால், எல்லா ஆவணங்களையும் ஓர் அறிக்கையோடு உயர் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். கடைசி உத்தரவு அங்கேதான். பேச முடியாதவருக்காகச் சட்டமே மேலே போய்க் கதவைத் தட்டுகிறது!

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. "இவருக்குப் புரியாது" என்று சொல்லியே ஒருவரைக் காலமெல்லாம் அடைத்து வைத்துவிடலாம். அமெரிக்காவில் மொத்தம் 9 டாலர் மதிப்புள்ள இரண்டு திருட்டுகளுக்காக, காது கேளாத, பேச இயலாத, மனவளர்ச்சி குன்றிய ஒருவர் கைதானார். விசாரணைக்குத் தகுதி வரும்வரை என்று காலவரையின்றி அடைத்தார்கள். அந்தத் தகுதி அவருக்கு வரப்போவதே இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். ஜாக்சன் எதிர் இந்தியானா என்ற அந்த வழக்கில் 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது தவறு என்றது. (இந்த ஜாக்சன் கைதி, நம் ஊர் கலெக்டர் ஜாக்சன் வேறு!) இந்தியாவிலும் 1982இல் வீணா சேத்தி வழக்கில், ஹசாரிபாக் சிறையில் மனநலம் தேறிய பிறகும் விடப்படாமல் 20 ஆண்டுகளுக்கு மேல் கிடந்தவர்கள் விடுவிக்கப்பட்டார்கள்.

ஒட்டப்பிடாரத்து வழக்கு

மேல்முறையீடு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குப் பாஞ்சாலங்குறிச்சிக்குப் பக்கத்து ஊரே சாட்சி. ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரம் பிள்ளை 1908 மார்ச்சில் கைதானார். ஜூலை 7 அன்று திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை, அதாவது 40 ஆண்டு நாடு கடத்தல், விதித்தார். வ.உ.சி. தரப்பு உயர் நீதிமன்றம் போனது. தண்டனை 6 ஆண்டாகக் குறைந்தது. 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தார். செக்கிழுத்த கொடுமையை மேல்முறையீடு தடுக்கவில்லை என்பது உண்மை. ஆனாலும் 40 ஆண்டு 6 ஆண்டானதற்குக் காரணம், முதல் நீதிபதிக்கு மேலே கேட்க இன்னொருவர் இருந்ததுதான். கயத்தாறில் பானர்மேனுக்கு மேலே கேட்க யாரும் இல்லை. இன்று செஷன்ஸ் கோர்ட் விதிக்கும் மரண தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் நிறைவேற்ற முடியாது.

இன்னும் முடியாத கதை

சட்டம் இப்படி இருக்க, சிறைகள் எப்படி இருக்கின்றன? 2022ஆம் ஆண்டு அரசுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் ஏறக்குறைய முக்கால் பங்கினர் விசாரணைக் கைதிகள். அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலம் உள்ளே இருந்துவிட்டால் ஜாமீன் பெற வழி உண்டு. புதிய சட்டத்தில் இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாதவருக்கு மூன்றில் ஒரு பங்கு காலம் போதும். மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஆனால் இந்த வழி இருப்பதே பல ஏழைக் கைதிகளுக்குத் தெரியாது.

இன்னொரு பக்கம், கொடிய குற்றம் ஒன்று நடந்தவுடன் "விசாரணையே வேண்டாம், உடனே தூக்கில் போடு" என்ற குரலும் கேட்கிறது. கயத்தாறுக்காகக் கண்ணீர் விடும் வாய்களிலிருந்தே அந்தக் குரல் வருகிறது என்பதுதான் வேடிக்கை. விசாரிக்காமல் கோவலனைக் கொல்லச் சொன்ன பாண்டியன் கதையைப் பாடமாகப் படித்த நாடு இது.

போர் முடிந்ததும் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டமாக்கி ஏர் ஓட்டினார்கள். 1974இல் தமிழக அரசு அங்கே நினைவுக் கோட்டை கட்டியது. அதைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அண்ணனின் வீரத்தைப் பேசிவிட்டுத் திரும்புவார்கள். தம்பியையும் ஒரு நிமிடம் நினைக்கலாம். ஒருவருக்குப் பதில் சொல்ல நேரம் தரவில்லை. இன்னொருவரிடம் 16 மாதம் கேள்வியே கேட்கவில்லை. ஒன்று மிக வேகம், மற்றொன்று மிகத் தாமதம். இரண்டிலும் கைதியின் பதில் யாருக்கும் தேவைப்படவில்லை. அந்தப் பதில் தேவை என்று சொல்வதற்குத்தான் இன்று சட்டம் இருக்கிறது.