முத்தட்டும் என்று காத்திருந்த கண்கள்

எங்கள் மலையில் கண் மங்கினால் யாரும் பதறுவதில்லை. "புரை விழுந்திருக்கு, முத்தட்டும், அடுத்த முகாமுல பார்த்துக்கலாம்" என்பார்கள். ஜமுனாமரத்தூர் பேருந்து நிறுத்தத்திலும் ரேஷன் கடை வரிசையிலும் இந்தப் பேச்சை இன்றைக்கும் கேட்கலாம். சவ்வாது மலையில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஊர் ஊராகப் போய்க் கண் முகாமுக்குப் பெயர் எழுதியிருக்கிறேன். இப்போது எனக்கே சர்க்கரையால் விழித்திரை கெட்டு, லேசர் வைத்துக்கொண்டிருக்கிறேன். 'முத்தட்டும்' என்று காத்திருக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தது அதற்குப் பிறகுதான்.

அதை மூடப்பழக்கம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஒரு காலத்தில் வைத்தியமே சொன்ன விதி அது. நாட்டு வைத்தியர்கள் கண்ணுக்குள் ஊசியை விட்டு, வெளுத்துப் போன வில்லையைப் பின்னால் தள்ளிவிடுவார்கள். புரை கெட்டியானால்தான் அது நடக்கும். சென்னை எழும்பூரில் இன்றும் நடக்கிற அரசு கண் மருத்துவமனையின் தொடக்கம் 1819. லண்டன் மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்து உலகத்திலேயே பழைய கண் மருத்துவமனை அதுதான் என்பார்கள். அங்கே தலைமை ஏற்றிருந்த ராபர்ட் ஹென்றி எலியட், ஊசியால் தள்ளிய கண்கள் பலவும் பின்னர் கெட்டுப்போனதைக் கண்டு, 1917-ல் அதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். தஞ்சையில் இரண்டாம் சரபோஜி காலத்து நோயாளிகளின் கண்களைப் படமாக வரைந்து வைத்த குறிப்புகள் சரஸ்வதி மகாலில் இருக்கின்றன. இருநூறு வருஷத்துக்கு முன்பே ஒவ்வொரு கண்ணையும் தனியாக எழுதி வைக்க வேண்டும் என்று ஒருவர் நினைத்திருக்கிறார் என்பதில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

கத்தி வைத்துப் புரையை எடுக்கும் காலம் வந்த பிறகும் விதி மாறவில்லை. முத்தாத புரையை எடுத்தால் உள்ளே மிச்சம் தங்கிக் கண் புண்ணாகும். ஆபரேஷன் முடிந்தால் சோடாபுட்டிக் கண்ணாடி போட வேண்டும். அதைப் போட்டு நடப்பதும் லேசில்லை. அதனால் கண் நன்றாக மங்கட்டும் என்று டாக்டர்களே திருப்பி அனுப்பினார்கள்.

எங்கள் பக்கத்துக்கு முகாம் என்ற வழக்கம் வேலூரிலிருந்து வந்தது. ஐடா ஸ்கடர் 1902-ல் திறந்த ஷெல் மருத்துவமனைதான் பின்னால் சி.எம்.சி.யின் கண் ஆஸ்பத்திரி ஆனது. 1947-ல் அங்கே வந்த விக்டர் ராம்போ, நோயாளி வராவிட்டால் நாம் போவோம் என்று கிராமங்களுக்கே ஆபரேஷனைக் கொண்டுபோனவர். பிறகு மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி அதைப் பெரிய இயக்கமாக்கினார். பள்ளிக்கூடங்களில் பெஞ்சுகளை ஓரம் தள்ளிப் பாய் விரிப்பார்கள். ஆபரேஷன் ஆனவர்கள் வரிசையாகக் கண்கட்டோடு மல்லாந்து கிடப்பார்கள். தலையை அசைக்கக் கூடாது, இருமக் கூடாது. கட்டுப் பிரிக்கிற காலையில் கிழவிகள் முதலில் தேடுவது பேரப்பிள்ளையின் முகத்தை. சாமை வயலில் களையும் பயிரும் பிரித்துப் பார்க்க முடியாமல் இருந்த பெண்கள், திரும்பி வந்து மறுபடி களை எடுத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். போன பார்வை திரும்பி வரும் என்று மலை முழுக்க நம்பியது இப்படித்தான். அந்த நம்பிக்கை பொய்யில்லை. புரைக்கு அது முழு உண்மை.

1976-ம் வருஷத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அந்த வருஷம்தான் பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டம் தொடங்கியது. அந்த வருஷம்தான் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனை 11 படுக்கையோடு திறந்தது. அதே 1976-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வின் முடிவு வெளியானது: சர்க்கரையால் விழித்திரையில் புது ரத்தக்குழாய் முளைத்தவர்களுக்கு லேசர் வைத்தால், கடுமையான பார்வையிழப்பு பாதிக்கு மேல் குறைகிறது. முதல் இரண்டும் எங்கள் மலைக்கு முகாமாக வந்து சேர்ந்தன. மூன்றாவது வரவே இல்லை. நம் நாட்டில் அன்றைக்குக் குருடானவர்களில் பெரும்பாலோர் புரையால் குருடானவர்கள். ஆகவே திட்டம் அதன் பின்னால் போனது. அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். 1992-ல் அரவிந்த் ஆரோலேப் தொடங்கி உள்விழி லென்ஸை மலிவாக்கியதும், 1994 முதல் 2002 வரை உலக வங்கிப் பணத்தில் தமிழ்நாட்டிலும் நடந்த புரைத் திட்டமும் எத்தனையோ பேரை எழுந்து நடக்க வைத்தன. லென்ஸ் வந்த பிறகு முத்தும் வரை காத்திருக்கவே வேண்டாம் என்றாயிற்று. ஆபரேஷன் மாறிவிட்டது, ஊர்ப் பேச்சு மாறவில்லை.

முகாமில் ஆள் பிரிப்பது டார்ச்சும் எழுத்து அட்டையும் கொண்டுதான். டார்ச் அடித்தால் கண்மணியில் புரை வெள்ளையாகத் தெரியும். விழித்திரை அதற்கும் பின்னால், இருட்டில் இருக்கிறது. உயிரோடு இருக்கிற மனிதரின் விழித்திரையைப் பார்க்க 1851-ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானியர் கருவி செய்தார். சில வருஷத்திலேயே சர்க்கரைக்காரர்களின் விழித்திரையில் மாற்றம் இருப்பதை யேகர் என்ற டாக்டர் எழுதினார். ஆனால் அந்தக் காலத்தில் கடுமையான சர்க்கரை உள்ளவர்கள் கண் கெடும் அளவுக்கு வாழ்ந்ததே அபூர்வம். 1922-ல் இன்சுலின் வந்து ஆயுளைக் கொடுத்த பிறகுதான் இந்த நோய் பெருகியது. சென்னை ஸ்டான்லியில் டாக்டர் எம். விஸ்வநாதன் 1948-ல் சர்க்கரைக்கென்றே தனிப் பிரிவு தொடங்கினார். அன்றைக்கு அது நகரத்து நோய், வசதியானவர்கள் நோய்.

எங்கள் மலையாளிப் பழங்குடி சனங்கள் சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் தின்றவர்கள். சாமையை உரலில் குத்திப் புடைத்து அரிசியாக்குவதற்குள் பெண்களின் தோள் இற்றுவிடும். ரேஷன் அரிசி வந்தபோது அந்த உழைப்பு மிச்சமானதை எந்தப் பெண்ணும் குறையாகச் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். 2011 ஜூன் முதல் அரிசி இலவசமாகவே ஆனது. மூன்று வேளையும் வெள்ளைச் சோறு. நடந்து போன இடத்துக்கெல்லாம் வண்டி. தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 10.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை என்று ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2011-ல் சொன்னது. சென்னையில் சங்கர நேத்ராலயா நடத்திய ஆய்வில் சர்க்கரை உள்ளவர்களில் 18 சதவீதம் பேருக்கு விழித்திரை பாதித்திருந்தது. நோய் மலையேறிவிட்டது, கண்ணைப் பார்க்கும் கருவி ஏறவில்லை. இதே மலையில் இருக்கிற காவலூரில் 1986-லேயே 2.34 மீட்டர் தொலைநோக்கி வைத்து நட்சத்திரங்களைப் படம் பிடித்தார்கள். என் விழித்திரையைப் படம் பிடிக்க நான் கீழே போக வேண்டியிருந்தது. அந்த ஆதங்கம் எனக்கு உண்டு.

சர்க்கரைக் கண்ணுக்கு முத்துகிற கணக்கே கிடையாது. நுண்ணிய ரத்தக்குழாய்கள் கசியும், நடுப்பார்வை இருக்கும் இடம் வீங்கும், பிறகு புதுக் குழாய்கள் முளைத்து ஒருநாள் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டும். அதுவரை வலி இருக்காது. ஊசியில் நூல் கோக்கிற கண்ணிலும் இது ஓடிக்கொண்டிருக்கும். எனக்கு வலது கண்ணில் முதலில் தெரிந்தது ஒரு கறுப்பு நூல். துடைத்தால் போகவில்லை. கண்ணைத் திருப்பினால் கூடவே வந்தது.

அதன் பிறகு என்னைப் பிடித்த பயத்தை எப்படிச் சொல்வது. விடிந்ததும் ஒரு கண்ணைக் கையால் மூடி, ஜன்னல் கம்பிகளைப் பார்ப்பேன். கம்பி நேராகத் தெரிகிறதா, நடுவில் வளைகிறதா. பிறகு மற்ற கண். கம்பி வளைந்தால் வீக்கம் கூடியிருக்கிறது என்று அர்த்தம். நாட்காட்டித் தாளில் ராகுகாலம் எழுதியிருக்கும் சின்ன எழுத்தையும் படித்துப் பார்ப்பேன். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் நடந்து பழகியிருக்கிறேன். அஞ்சறைப்பெட்டியில் கடுகு எது, சீரகம் எது என்று விரலால் தடவித் தெரிந்துகொண்டேன். பார்வை போனால் நான் யாருக்குப் பாரமாவேன் என்று ராத்திரியில் பெயர்களை எண்ணிக்கொண்டு படுத்திருப்பேன்.

லேசர் அறையில் மோவாயை ஒரு தட்டில் வைக்கச் சொல்வார்கள். கண்ணில் மரத்துப்போகும் சொட்டு, பிறகு பசையோடு ஒரு லென்ஸ். பச்சை வெளிச்சம் வெட்டி வெட்டி அடிக்கும். சில அடி பின்மண்டையில் சுருக்கென்று குத்தும். ஆயிரத்துக்கும் மேலே அடிக்க வேண்டும், ஒரே நாளில் முடியாது. பார்வை கூடும் என்று நினைத்துப் போகிறவர்கள் ஏமாந்து போவார்கள். இருப்பதைக் காப்பாற்றத்தான் லேசர். ஓரப் பார்வையும் இருட்டுப் பார்வையும் கொஞ்சம் குறையும். தெருவிளக்கு இல்லாத எங்கள் ஒற்றையடிப் பாதையில் அது பெரிய விஷயம். இப்போது பொழுது சாய்ந்தால் டார்ச் இல்லாமல் நான் வெளியே போவதில்லை. அப்படியும் சொல்கிறேன், லேசர் வைத்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. மாத்திரை வருகிற வீட்டுக்கு விழித்திரைக் கேமராவும் வருஷம் ஒருமுறை வர வேண்டும். படத்தை எடுத்துக் கீழே அனுப்பினால் போதும். அரவிந்தும் சங்கர நேத்ராலயாவும் பங்கெடுத்து 2016-ல் வெளிவந்த ஆய்வு, கணினியே அந்தப் படத்தைப் படித்து நோயைப் பிரித்துவிடும் என்று காட்டிவிட்டது. டாக்டர் மலையேறி வரவில்லை என்ற காரணம் இனி செல்லாது.

அதுவரை நான் ஆள் சேர்ப்பதை விடவில்லை. என் சின்னம்மாவுக்கு ரொம்ப காலமாகச் சர்க்கரை. "கண்ணு நல்லாத்தாண்டி தெரியுது, எதுக்குப் பஸ் ஏறணும்? மங்குச்சுன்னா முகாமுல பார்த்துக்கலாம்" என்றாள்.

"இது முகாமுல தெரியாது சின்னம்மா. மங்கிட்டா திரும்பி வராது."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஆட்டை யார் பார்ப்பது என்று கேட்டாள். மருமகள் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. வரும் திங்கட்கிழமை காலை போளூர் பேருந்தில் போகிறோம். சொட்டு மருந்து விட்டால் பல மணி நேரம் கண் கூசும். தனியாகத் திரும்ப முடியாது என்பதால் அவள் மகனும் கூட வருகிறான். அன்றைக்கே என் இடது கண்ணுக்கும் பாக்கி லேசர் இருக்கிறது.