ஒழுங்கின் அருமை: வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி பிறந்த வரலாறு

1959ஆம் ஆண்டு மே மாதம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உரையாற்றிய சி.பி. ஸ்னோ, அறிவியலறிஞராகவும் நாவலாசிரியராகவும் விளங்கியவர். இலக்கியப் புலமையாளர் கூடிய அவைகளில், வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியை விளக்க வல்லார் எத்தனை பேர் என்று தாம் வினவியதையும், அவ்வினாவிற்கு விடை கிட்டாது போனதையும் அவ்வுரையில் அவர் எடுத்துரைத்தார். ஷேக்ஸ்பியரின் படைப்பு ஒன்றையேனும் படித்ததுண்டா என்று அறிவியலாரைக் கேட்பதற்கு இது நிகரானது என்பது அவர் கருத்து. கவிதை வாழும் அவைகளில் அவ்வினா இன்றும் விடைக்குக் காத்து நிற்கிறது. விடை தேடிச் செல்வோர், அவ்விதியின் வரலாற்றில் கவிதையின் நிழல் ஆங்காங்கே படிந்திருப்பதையும் காண்பர்.

நீராவியில் எழுந்த வினா

பிரெஞ்சுப் படைத்துறை அறிஞர் லாசார் கார்னோ, பாரசீகக் கவிஞர் சாஅதியிடம் கொண்ட ஈடுபாட்டால், 1796இல் பிறந்த தம் மகனுக்கு அக்கவிஞரின் பெயரையே சூட்டினார். அம்மகனே சாடி கார்னோ. பொறியாளரான அவர் 1824இல், தம் 28ஆம் வயதில், நெருப்பின் இயக்கு ஆற்றலைப் பற்றி 118 பக்கங்களில் ஒரு சிறுநூல் வெளியிட்டார். நீராவிப் பொறியினின்று எவ்வளவு வேலை பெற முடியும் என்பதே அவர் எழுப்பிய வினா. மேட்டிலிருந்து பள்ளத்திற்கு வீழும் நீரே ஆலைச் சக்கரத்தைச் சுழற்றுவதுபோல, வெம்மை மிக்க இடத்திலிருந்து வெம்மை குறைந்த இடத்திற்கு வெப்பம் செல்லும்போதே வேலை நிகழ்கிறது என்றும், அவ்விரு வெப்பநிலைகள் வகுக்கும் எல்லையை எப்பொறியும் கடவாது என்றும் அவர் கண்டார். நூல் அன்று பெரிதும் கவனிக்கப்படவில்லை. 1832இல், 36ஆம் வயதில், காலரா நோய் அவரைக் கொண்டுசென்றது.

அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தவருள் தலையாயவர் செருமானிய அறிஞர் ருடால்ஃப் கிளாசியஸ். குளிர்ந்த பொருளினின்று சூடான பொருளுக்கு வெப்பம் தானாகச் செல்வதில்லை என்பதை 1850இல் அவர் தம் ஆய்வுக்கு அடிப்படையாக்கினார். ஆறிய சோறு அடுப்பின்றித் தானே சூடேறுவதில்லை என்பது எல்லாரும் அறிந்ததே. அறிந்த அதனை அளவிடும் கருவியாக்கியதே அவர் அருஞ்செயல். 1865இல் அவ்வளவைக்கு ‘என்ட்ரோபி’ என்று பெயரிட்டார். திரும்புதல், மாறுதல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அவர் அதனை ஆக்கினார். சொல் தன் நேர்ப்பொருளினின்று திரும்பி நிற்பதைக் குறிக்கும் மேலைநாட்டு அணியியற் கலைச்சொல்லுக்கும் அதுவே வேர் என்பது குறிப்பிடத்தக்கது. பேரண்டத்தின் ஆற்றல் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. என்ட்ரோபியோ பெருகிக்கொண்டே செல்லும் என்பது அவர் முடிவு. ஆயின் அது ஏன் பெருக வேண்டும் என்பதற்கு அப்போது தெளிவான விடையில்லை.

எண்ணிக்கை தந்த விடை

விடை தந்தவர் 1844இல் வியன்னாவில் பிறந்த லுட்விக் போல்ட்ஸ்மான். பொருள்கள் யாவும் ஓயாது இயங்கும் அணுக்களால் ஆனவை எனக் கொண்டு, 1872இலும் 1877இலும் அவர் எழுதிய கட்டுரைகள் இவ்விதியின் முகத்தையே மாற்றின.

அவர் கருத்தைக் குறள் வெண்பாவைக் கொண்டு விளக்கலாம். ஒரு குறளின் ஏழு சீர்களையும் தனித்தனி ஓலை நறுக்குகளில் எழுதிக் குலுக்கி எடுத்தால், அவை 5,040 வகையாக அமையக்கூடும். அவற்றுள் தளை பிறழாமலும் பொருள் சிதையாமலும் நிற்பவை மிகச் சில. குலுக்கும் கை குறளுக்குப் பகையன்று. அது எந்த வரிசையையும் வெறுப்பதுமில்லை, விரும்புவதுமில்லை. சிதைந்த வரிசைகள் பலவாகவும் செம்மையான வரிசைகள் சிலவாகவும் இருத்தலே சிதைவுக்குக் காரணம்.

அணுக்களின் உலகிலும் இதுவே நிகழ்கிறது. ஒரு பெட்டியில் பத்து மூலக்கூறுகள் மட்டும் இருப்பின், அவை யாவும் இடப்பாதியில் ஒதுங்கி நிற்கும் வாய்ப்பு 1,024இல் ஒன்று. நூறாயின் அவ்வாய்ப்பு, ஒன்றுக்குப் பின் முப்பது சுழியங்கள் கொண்ட எண்ணில் ஒன்றினும் சிறிது. ஒரு கன சென்டிமீட்டர் காற்றிலோ, 27ஐ அடுத்துப் பதினெட்டுச் சுழியங்கள் இட்டாற்போன்ற எண்ணிக்கையில் மூலக்கூறுகள் உள்ளன. எனவேதான் அறையின் காற்று ஒரு மூலையில் ஒதுங்குவதை எவரும் கண்டதில்லை.

அணுக்களின் இயக்கம் முன்னும் பின்னும் ஒரே விதிக்கு உட்பட்டதாயிற்றே, எல்லா அணுக்களும் வந்த வழியே திரும்பினால் ஒழுங்கும் திரும்பாதோ என்று 1876இல் வினவினார் அவர்தம் நண்பர் லோஷ்மித். திரும்புதல் இயலாததன்று, எண்ணிப்பார்க்கவொண்ணா அளவுக்கு அரிது என்பதே போல்ட்ஸ்மானின் மறுமொழி. இயற்கையின் கட்டளை எனக் கருதப்பட்ட விதி, இவ்வாறு நிகழ்தகவின் கணக்காயிற்று.

எதிர்ப்பும் இறுதியும்

அணுக்களையே நம்பாத அறிஞர் அன்று பலர். எர்ன்ஸ்ட் மாக் அவற்றை ஏற்க மறுத்தார். 1895இல் லூபெக் நகரில் கூடிய மாநாட்டில், ஆற்றல் ஒன்றே மெய்ப்பொருள் என வாதிட்ட ஓஸ்ட்வால்டை எதிர்த்துப் போல்ட்ஸ்மான் சொற்போர் புரிந்தார். 1898இல் வெளியான தம் நூலின் முன்னுரையில், காலத்தின் ஓட்டத்தை எதிர்த்து நிற்கும் தனியொருவராகவே தம்மைக் காட்டிக்கொண்டார்.

1906 செப்டம்பர் 5ஆம் நாள், த்ரியெஸ்தே நகரை அடுத்த டுயினோ என்னும் கடற்கரை ஊரில், விடுமுறைக்குக் குடும்பத்துடன் சென்றிருந்த அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். எதிர்ப்பாளரே அவரைக் கொன்றனர் என்று எழுதுவோர் உண்டு. அவர் நெடுங்காலம் மனச்சோர்வாலும் உடல்நலிவாலும் துன்புற்றவர். அத்துயரை ஒரே காரணத்தில் அடக்குதல் பொருந்தாது. ஓராண்டுக்கு முன்னரே ஐன்ஸ்டைன் அணுக்களுக்குச் சான்றாகும் கணக்கை வெளியிட்டிருந்தார். 1908 முதல் பிரான்சில் ழான் பெரென் நிகழ்த்திய ஆய்வுகள் அதனை உறுதி செய்தன. ஓஸ்ட்வால்டும் அணுக்களை ஏற்றார். அவ்வேற்பைக் காணப் போல்ட்ஸ்மான் இல்லை. அதே டுயினோவின் கோட்டையில்தான் 1912இல் ரில்கே தம் ‘டுயினோ இரங்கற்பாக்க’ளைத் தொடங்கினார்.

வியன்னாவின் நடுவண் கல்லறைத் தோட்டத்தில் போல்ட்ஸ்மானின் மார்பளவுச் சிலைக்கு மேல் ஒரு சமன்பாடு மட்டும் பொறிக்கப்பட்டுள்ளது. என்ட்ரோபியை, ஒரு நிலை அமையக்கூடிய வகைகளின் எண்ணிக்கையோடு இணைப்பது அது. கருத்து அவருடையது, அவ்வடிவில் அதனை எழுதியவர் மாக்ஸ் பிளாங்க்.

அருமை என்னும் சொல்

இவ்விதியை அழிவின் அறிவிப்பாக மட்டும் கொள்வது பிழை. 1886இல் நிகழ்த்திய உரையொன்றில் போல்ட்ஸ்மானே இதனைத் தெளிவுபடுத்தினார். வெம்மை மிக்க ஞாயிற்றிலிருந்து குளிர்ந்த நிலவுலகிற்குப் பாயும் ஆற்றலின் இடைவழியிலேயே பச்சிலை தன் உடலைக் கட்டிக்கொள்கிறது. ஓரிடத்தில் ஒழுங்கு பிறக்கலாம்; அதற்கு ஈடாக வேறோரிடத்தில் அதனினும் மிகுதியான ஒழுங்கின்மை பெருகியாக வேண்டும்.

தமிழில் ‘அருமை’ என்னும் சொல் எளிதிற் கிட்டாமையையும் சுட்டும், பெருமதிப்பையும் சுட்டும். கார்னோ முதல் போல்ட்ஸ்மான் வரை மூன்று தலைமுறையினர் முயன்று கண்ட உண்மை அவ்வொரு சொல்லில் அடங்கும். 5,040 வரிசைகளுள் தனக்குரிய ஒன்றைத் தேடிச் சீரமைக்கும் பாவலன் செய்வதும் அவ்வருமையைப் போற்றுவதேயாகும்.