யவனத் தூதன் நாட்டிய கருடத் தூண்

டில்லியிலிருந்து சென்னைக்கு வரும் இருப்புப் பாதையில், போபாலுக்குச் சற்று முன்னே விதிசை என்றொரு நிலையம் உண்டு. 1956 வரை பில்சா என வழங்கிய ஊர் அது. நம்மவருள் பெரும்பாலோர் உறக்கத்திலோ, சோற்றுப் பொட்டலத்தை அவிழ்க்கும் அவசரத்திலோ அதனைக் கடந்து விடுகின்றனர். அவ்வூரை அடுத்த பேஸ்நகரில் ஒரு கற்றூண் நிற்கிறது.

ஊரார் அதனைக் ‘கம்ப் பாபா’ என்று தெய்வமாக வழிபட்டுச் செந்தூரம் பூசி வந்தனர். 1877-இல் அதனைக் கண்ட கன்னிங்ஹாம், பூச்சின் தடிப்பினால் எழுத்தொன்றும் காணாது, குப்தர் காலத்ததெனக் கருதிச் சென்றார். 1909-இல் பூச்சின் கீழிருந்த பிராமி எழுத்துகள் வெளிப்பட்டன. தூணின் காலம் கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குச் சென்றது!

நாட்டியவன் ஹீலியோடோரஸ் என்னும் யவனன். ‘ஞாயிற்றின் கொடை’ என்பது அப்பெயரின் பொருள். தந்தை டியோன், ஊர் தட்சசீலம், யவன மன்னன் அந்தியால்கிடஸ் அனுப்பிய தூதன். பெயர், தகப்பனார் பெயர், ஊர், உத்தியோகம் என்று நம் அலுவலகப் படிவங்கள் கேட்கும் அனைத்தையும் அவன் அன்றே கல்லில் நிரப்பி வைத்துள்ளான். வாசுதேவனுக்குரிய கருடத் தூண் இது என்றும், தான் பாகவதன் என்றும் கூறுகிறான். தன் அரசனுடைய நாணயங்களில் ஒருபுறம் கிரேக்க எழுத்து இருக்க, இக்கல்லில் ஓரெழுத்தும் கிரேக்கமில்லை, மொழி பிராகிருதம்.

ஆயினும் அவன் தன்னை முற்றும் மறந்தானல்லன். தன் அரசனை இந்நாட்டு முறைப்படி ‘மகாராஜா’ என்கிறான். விதிசை மன்னன் பாகபத்திரனுக்கோ ‘த்ராதார’, அதாவது காப்போன், என்னும் பட்டம் சூட்டுகிறான். அது இந்நாட்டு அரசர் பூண்ட விருதன்று. யவன மன்னர் பூண்ட ‘ஸோட்டேர்’ என்பதன் மொழிபெயர்ப்பே. இவனுக்கு அவன் நாட்டுப் பட்டம், அவனுக்கு இவன் நாட்டுப் பட்டம்! தூதுத் தொழிலில் தேர்ந்தவன் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

யவன அரசுகள் தமக்குள் பொருது நலிந்த காலம் அது. ஆதலின் நட்பு நாடிச் செய்த உபசாரமே இத்தூண் என்பாரும் உளர். எனக்கு அஃது உடன்பாடன்று. உபசாரத்திற்குப் பரிசிற்பொருள் போதும். இவனோ அடக்கம், ஈகை, விழிப்பு என்னும் மூன்றும் சுவர்க்கத்திற்கு உய்க்கும் படிகள் என்று தனியே பொறித்திருக்கிறான்.

தூணின் வேலைப்பாடும் காணத்தக்கது. அடியில் எட்டுப் பட்டை, மேலே பதினாறு, அதன்மேல் முப்பத்திரண்டு, பின் உருண்டை. தலையில் அசோகர் தூண்களிற் காணும் மணி வடிவம். அதற்கும் பாரசீகச் சிற்ப மரபுக்கும் தொடர்பு காண்பர் அறிஞர். அருகிலுள்ள சாஞ்சித் தூபியின் தெற்கு வாயிலில், விதிசைத் தந்த வேலைக்காரர் செதுக்கியது என்ற பொறிப்பு இருக்கிறது. தந்தத்தில் பழகிய கை கல்லிலும் ஓடிய ஊர் அது.

உச்சியிலிருந்த கருடன் இன்று இல்லை. 1963-65 அகழாய்வில் தூணருகே, அதனினும் பழைய, நீள்வட்ட வடிவான கோயிலொன்றின் அடித்தளம் வெளிப்பட்டது. யவனன் வருமுன்பே அங்குத் தெய்வம் குடியிருந்தது.