இயற்கணிதமும் அந்தமான் தமிழ் மாணவரும்

கறல் விசுவநாதபிள்ளை 1855இல் யாழ்ப்பாணத்தில் இயற்றி வெளியிட்ட கணித நூலுக்கு 'வீசகணிதம்' என்பது பெயர். வடமொழிப் 'பீஜகணிதம்' என்பதன் தமிழ் வடிவம் அது. பின்னர் இலங்கையில் 'அட்சரகணிதம்' என்பதும் தமிழகத்தில் 'இயற்கணிதம்' என்பதும் நிலைபெற்றன. இந்தியிலோ 'பீஜகணித்' என்பதே இன்றும் வழங்குகின்றது. பெயர்கள் பலவாயினும் பொருள் ஒன்றே.

இச்சொல் வரலாறு அந்தமான் ஆசிரியர்க்குப் பெரிதும் பயன்படும். அத்தீவுகளில் தமிழ்வழிக் கல்வி உண்டு. ஆயினும் அங்குள்ள உயர்நிலைப் பள்ளிகள் சார்ந்துள்ள மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் கணித வினாத்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலுமே அமைகின்றது. எனவே கருத்தைத் தமிழில் விளக்கியபின், அதற்குரிய அவ்விருமொழிச் சொற்களையும் உடன் கற்பித்தல் வேண்டும். பிறமொழிச் சொல்லை அறியாமை, கணிதத்தையே அறியாமையாக மதிப்பிடப்படுதல் முறையன்று.