கேட்பாரற்றுக் கிடந்தவை

எதையோ எடுக்க உள்ளறைக்குச் செல்கிறோம். சென்று நின்றதும், எதற்காக வந்தோம் என்பது மறந்துவிடுகிறது. கூடத்துக்குத் திரும்பி, பாதியில் விட்ட கடிதத்தைக் கண்டதும் மூக்குக் கண்ணாடிக்காகப் போனது நினைவுக்கு வருகிறது. அதுவரை அந்நினைவு எங்கே இருந்தது?

பாபநாசத்தை ஒட்டிய திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று உண்டு. நினைவையும் அத்தகைய களஞ்சியமாகவே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். மறதி என்றால் உள்ளே நெல் தீர்ந்துவிட்டது என்று பொருள் கொள்கிறோம். எண்டல் டல்விங், சீனா பேர்ல்ஸ்டோன் என்னும் உளவியல் அறிஞர்கள் 1966இல் வெளியிட்ட ஆய்வு இவ்வெண்ணத்தைத் திருத்தியது. வகைபிரித்த சொற்பட்டியல்களை மாணவர்கள் கற்றனர். வெறுமனே நினைவுகூரச் சொன்னபோது வராத பல சொற்கள், வகையின் பெயரைக் காட்டியதும் வந்தன. சொற்கள் உள்ளேதான் இருந்தன. அவற்றை எட்டும் குறிப்புத்தான் இல்லை.

தனி மனிதருக்கு நேர்வது ஒரு மொழியின் கல்வி மரபுக்கும் நேரலாம். பாபநாசத்துக்கு அருகிலுள்ள உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டு 1855இல் பிறந்த உ. வே. சாமிநாதையர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்டவர். 1880இல் கும்பகோணம் கல்லூரியின் தமிழாசிரியர் ஆனார். அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று, ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். தாம் கற்ற அந்தாதிகளையும் கலம்பகங்களையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் வரிசையாகச் சொன்னார். முதலியார் மகிழவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் படித்ததில்லை.

அந்நூல் அழிந்து போயிருக்கவில்லை என்பதே நாம் இங்குக் கவனிக்க வேண்டியது. அதே கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்கள் அதைப் போற்றிப் பாராயணம் செய்துவந்தனர். பொருள் விளங்காத இடங்களுக்கு ஐயர் அவர்களையே நாடினார். நூலும் அதை அறிந்தோரும் ஒரே ஊரில் இருந்தும், தமிழ் கற்பிப்போரின் பாட வரிசையில் அதற்கு இடமில்லை. நாள்தோறும் கேட்கப்பட்டவை நிலைத்தன; கேட்கப்படாதவை நினைவின் எல்லைக்கு வெளியே நின்றன. முதலியாரின் கேள்வியே குறிப்பாக அமைந்தது. சிந்தாமணி 1887இல் அச்சேறியது. பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் ஐயர் பதிப்பாக வெளிவந்தன.

ஆயினும் இதை முழு ஆறுதலாகக் கொள்வதற்கில்லை. ஓலைக்கு ஆயுள் உண்டு. கறையானும் ஈரமும் அரிப்பதற்குள் புது ஓலையில் படியெடுத்தாக வேண்டும். கேட்பாரற்ற நூலை யார் படியெடுப்பார்? எட்டாமல் கிடந்தது நாளடைவில் இல்லாமலே போகும். ஐம்பெருங்காப்பியங்களில் வளையாபதிக்கும் குண்டலகேசிக்கும் இன்று சில செய்யுள்களே எஞ்சியுள்ளன.

மூக்குக் கண்ணாடி காத்திருக்கும். கூடத்துக்குத் திரும்பினால் போதும். ஏடுகள் அவ்வளவு நாள் காத்திருப்பதில்லை. வீட்டு முதியவரிடம் நாம் இன்னும் கேளாத கேள்விகளும் அவ்வாறே. அவர் மறந்துவிட்டார் என்று நாம் முடிவுகட்டியவற்றுள் எத்தனை, கேட்பாரில்லாமல் மட்டுமே கிடக்கின்றனவோ.