முத்துக்குளித்துறையின் நினைவுப் பொருள்கள்: ஊர் வரலாற்றுக் கழகமும் சிற்றூர் அருங்காட்சியகமும்

1. முன்னுரை

வைப்பாறு கடலோடு கலக்கும் இடத்தை அடுத்து அமைந்த கீழவைப்பார், முத்துக்குளித்துறை என வரலாற்றில் பெயர்பெற்ற கடற்கரையின் வடபகுதியிலுள்ள சிற்றூராகும். போர்த்துக்கீசர் காலத்துக் குறிப்புகளில் வேம்பாறும் வைப்பாறும் இக்கரையின் குடியிருப்புகளாகச் சுட்டப்படுகின்றன. கிறித்தவத் திருச்சபையின் தமிழக வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் இக்கரையைத் தொடாமல் மேற்செல்ல இயலாது.

ஆயினும், இக்கரையின் வரலாற்றைத் தேடுவோர் ஒரு நிலையை எதிர்கொள்கின்றனர். இங்குத் தோன்றிய பழஞ்சான்றுகளிற் பல இன்று இங்கு இல்லை. இக்கரை மக்களுக்கென அச்சான நூல்கள் உரோமையிலும் அமெரிக்காவிலும் உள்ளன. அண்டை நிலத்துத் தாழிகளிலிருந்து எடுத்த பொருள்கள் பெர்லினுக்கும் சென்னைக்கும் சென்றன. ஊரார் தம் முன்னோரின் கைப்பொருளைக் காணக் கடல் கடக்க வேண்டியுள்ளது.

ஊர்தோறும் வரலாற்றுக் கழகமும், அதன் பொறுப்பில் ஒரு சிறு அருங்காட்சியகமும் வேண்டும் என்னும் கருத்தை இந்நிலையோடு சேர்த்தே ஆராய வேண்டும். பொருளைக் கெடாமல் காக்கப் பெரிய அருங்காட்சியகங்களால் இயலும். அப்பொருளுக்கு ஊரார் இட்ட பெயரையும், அது வழங்கிய இடத்தையும், அதைக் கையாண்டவரின் சொல்லையும் காப்பது ஊரில் வாழ்வோரின் கடமை. இதனை இக்கரையின் வரலாற்றைக் கொண்டே விளக்க முற்படுவோம்.

2. கரையை விட்டு அகன்ற நூல்கள்

1520இல் போர்த்துக்கல்லில் பிறந்த என்றீக்கே என்றீக்கஸ் அடிகளார், புனித சவேரியாருக்குப் பின் இக்கரையில் நெடுங்காலம் உழைத்தவர். புன்னைக்காயலைத் தம் இருப்பிடமாகக் கொண்டு தமிழை முறையாகக் கற்றார். அவர் ஆக்கிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சேறியது. ‘கிரீசித்தியானி வணக்கம்’ 1579இல் கொச்சியில் வெளிவந்தது. ‘அடியார் வரலாறு’ என்னும் பெருநூல் 1586இல் அச்சாயிற்று. இந்திய மொழிகளுள் முதன்முதல் தன் எழுத்துருவில் அச்சேறிய பெருமை தமிழுக்குக் கிடைத்தது இம்முயற்சியால்தான்.

அச்சுப் பணிக்கு வேண்டிய பொருளை முத்துக்குளித்துறைப் பரதவ மக்களே ஈந்தனர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. கடலில் மூழ்கிப் பெற்ற ஊதியத்தால் உருவான நூல்கள் இவை. எனினும், காலப்போக்கில் இக்கரையில் அவற்றின் படிகள் மறைந்தன. ‘தம்பிரான் வணக்கம்’ ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலும், ‘அடியார் வரலாறு’ வத்திக்கான் நூலகத்திலும் எஞ்சின. 

இந்நூல்களை மீண்டும் கரைக்குக் கொணர்ந்தது தூத்துக்குடியில் இயங்கிய ஒரு கழகம். யாழ்ப்பாணத்தில் பிறந்து, தூத்துக்குடி மறைமாவட்டத்தில் குருப்பணி ஏற்ற தனிநாயகம் அடிகள் 1948இல் அங்குத் தமிழ் இலக்கியக் கழகத்தை நிறுவினார். 1952இல் ‘தமிழ்ப் பண்பாடு’ என்னும் பொருள்பட அமைந்த ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். ஐரோப்பிய நூலகங்களில் பழந்தமிழ் அச்சு நூல்களைத் தேடி, அவற்றைப் பற்றி 1950களில் எழுதி, அறிஞருலகின் கவனத்தை ஈர்த்தார். அதன் தொடர்ச்சியாக, இயேசு சபையைச் சார்ந்த இராசமாணிக்கம் அடிகளார் பதிப்பித்த ‘அடியார் வரலாறு’ 1967இல் அக்கழகத்தின் வாயிலாக வெளிவந்தது. ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின், பொருள் ஈந்தோரின் வழித்தோன்றல்கள் அந்நூலைத் தம் கையில் எடுத்துப் படிக்க முடிந்தது.

இக்கழகம் மூலப் படியை மீட்கவில்லை. அது இன்றும் வத்திக்கானிலேயே உள்ளது. மூலம் எங்கிருப்பினும், அதன் உள்ளடக்கத்தை உரியவர் கையில் சேர்ப்பதே மீட்பாகும் என்பதை அது செயலில் காட்டிற்று. சிற்றூர்க் கழகங்களுக்கு இது நல்லதொரு முன்மாதிரி.

3. பேராயர் கால்டுவெல்லும் கொற்கை மண்ணும்

நெல்லைச் சீமையில் தொல்பொருளை அதன் இடத்திலேயே ஆராயும் வழக்கத்தைத் தொடங்கியவருள் பேராயர் இராபர்ட் கால்டுவெல் முதன்மையானவர். 1838இல் சென்னைக்கு வந்து, 1841இல் இடையன்குடியில் தங்கிய அவர், 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தால் உலகப் புகழ் பெற்றார். கொற்கையிலும் பழைய காயலிலும் அவர் செய்த ஆய்வு அந்த அளவிற்குப் பரவலாக அறியப்படவில்லை. அதன் முடிவுகளை 1877இல் ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டார். 1881இல் திருநெல்வேலி மாவட்டத்தின் வரலாற்று நூலையும் எழுதினார்.

கிரேக்க வணிகர் அறிந்த முத்துத் துறைமுகமாகிய கொற்கை இன்று கடலை விட்டு உள்நாட்டில் இருப்பதன் காரணத்தை அவர் மண்ணிலேயே தேடினார். தாமிரபரணி கொணர்ந்த வண்டல் கரையைக் கிழக்கே தள்ளியதை நிலத்தடிக் கடற்சிப்பிகளைக் கொண்டு உணர்த்தினார். பழைய காயலில் சிதறிக் கிடந்த சீன, அரபு மட்கல ஓடுகளைக் கொண்டு, மார்க்கோ போலோ குறிப்பிட்ட துறைமுகம் அதுவே என்னும் கருத்துக்கு வலுவூட்டினார்.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்று உண்டு. ஒரு சிப்பி, கடற்கரையில் கிடந்தால் அதற்கு வரலாற்று மதிப்பு இல்லை. அதே சிப்பி கொற்கையின் வயலடியில் கிடந்தமையால் ஒரு நகரத்தின் வாழ்வையும் வீழ்ச்சியையும் எடுத்துரைத்தது. பொருளின் பொருள் அது கிடந்த இடத்தில் இருக்கிறது. இடத்தைக் குறிக்காமல் எடுத்துச் சென்ற பொருள் ஊமையாகிவிடுகிறது.

4. ஆதிச்சநல்லூர் தரும் சான்று

தாமிரபரணியின் தென்கரையிலுள்ள ஆதிச்சநல்லூர்த் தாழிக்காடு இவ்வுண்மைக்குப் பெரியதொரு சான்று. 1876இல் பெர்லின் நகரத்து யாகோர் அங்கு அகழ்ந்து, கிடைத்தவற்றைத் தம் நாட்டிற்குக் கொண்டு சென்றார். பின்னர் அலெக்சாண்டர் இரீ 1899 முதல் 1905 வரை விரிவாக அகழ்ந்தார். பொன் நெற்றிப்பட்டங்களும், வெண்கலக் கலன்களும், இரும்புக் கருவிகளும் வெளிப்பட்டன. அவை சென்னை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. 1915இல் அவற்றின் விரிவான பட்டியல் அச்சாயிற்று.

அக்காலத்தில் அவ்விடத்திலேயே காக்க வழி இருந்ததா என்று கேட்பது நியாயமே. காவலின்றி விடப்பட்டிருந்தால் பொன்னும் வெண்கலமும் உருக்கப்பட்டிருக்கும். ஆகவே எடுத்துச் சென்றோரை முற்றிலும் பழிப்பது முறையன்று. ஆனால் ஆதிச்சநல்லூரில் பிறந்த பிள்ளை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தன் ஊரின் பெயரை நூல்களில் மட்டுமே கண்டது என்பதும் உண்மை.

2004ஆம் ஆண்டையொட்டி இந்தியத் தொல்லியல் துறை அங்கு மீண்டும் அகழ்ந்தது. 2023 ஆகஸ்டில் அகழ்விடத்திலேயே காட்சியகம் திறக்கப்பட்டது. அகழ்ந்த குழியில் தாழிகள் கிடந்தவாறே காணும்படி மேலே கண்ணாடி அமைத்துள்ளனர். அதே ஆண்டு மார்ச்சில் கீழடியிலும் அருங்காட்சியகம் திறக்கப்பட்டிருந்தது. கீழவைப்பாருக்கு மேற்கே, வைப்பாற்றின் கரையிலேயே அமைந்த வெம்பக்கோட்டையில் 2022 முதல் நடந்த அகழாய்வில் சங்கு வளையல்கள் மிகுதியாகக் கிடைத்தன. உள்நாட்டு ஊர் கடலின் சங்கை அறுத்து வளையலாக்கியது என்றால், ஆற்றுவழிக்கும் கடற்கரைக்கும் இருந்த தொடர்பைக் கரையூரார் அக்கறையோடு ஆராய வேண்டாமா?

5. பட்டியலின் மதிப்பு

கழகம் என்றதும் கட்டடம், திறப்பு விழா, கண்ணாடிப் பேழை ஆகியவற்றையே பலர் எண்ணுகின்றனர். முதற்பணி பட்டியல் எழுதுவதாகும். இதற்குத் தரங்கம்பாடியில் நமக்கு முன்னோடி ஒருவர் உண்டு. 1706இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், தாம் திரட்டிய தமிழ் ஓலைச்சுவடிகளைப் பற்றி 1708இல் ஒரு பட்டியல் வரைந்தார். நூலின் பெயரோடு நிறுத்தாமல் அதன் உள்ளடக்கத்தையும் எழுதினார். அச்சுவடித் தொகுதி இன்று முழுமையாக இல்லை. பட்டியலோ நிலைத்து நின்று, அந்நாளில் எந்நூல்கள் மக்களிடையே வழங்கின என்பதை நமக்கு அறிவிக்கிறது.

உப்புக்காற்றும் கறையானும் ஆளும் கடற்கரையில் பொருள் அழியலாம். எழுதி, படி எடுத்து, இரண்டு மூன்று இடங்களில் வைத்த குறிப்பு அழியாது. ஒரு குறிப்பேடும், ஓர் அளவுகோலும், எழுதத் தெரிந்த இரண்டு இளைஞரும் இருந்தால் கழகம் தொடங்கிவிடலாம்.

6. கீழவைப்பார் போன்ற ஊர்களில் திரட்டத்தக்கவை

இத்தகைய ஊர்களில் பொன் நெற்றிப்பட்டத்தை எதிர்பார்க்க வேண்டியதில்லை. இங்குள்ள செல்வம் தொழிலறிவு. தூத்துக்குடிக் கடலில் அரசு நடத்திய முத்துச் சலாபம் கடைசியாக 1955 முதல் 1961 வரை நடைபெற்றது. அதன்பின் அத்தகைய பெருங்குளிப்பு நிகழவில்லை. 1973இல் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடையில் செய்த ஆய்வால் வளர்ப்பு முத்து உருவாயிற்று. கல்லில் காலூன்றி, கயிறு பற்றி, மூச்சடக்கிக் கடலடிக்கு இறங்கியோருள் இன்று எஞ்சியிருப்போர் எண்பது வயதைக் கடந்தவர்கள். அவர்கள் சொல்லை எழுத நமக்குள்ள காலம் மிகக் குறுகியது.

முதலாவதாகச் சொற்களைத் திரட்ட வேண்டும். கடலடிப் பாறைத் திட்டாகிய ஒவ்வொரு பாருக்கும் பெயர் உண்டு. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் எனக் காற்றுகளுக்குப் பெயர் உண்டு. கரையிலுள்ள கோயில் கோபுரத்தையும் பனங்கூட்டத்தையும் நேர்வைத்துக் கடலில் இடம் காணும் முறை உண்டு. சம்மாட்டி, தண்டல், குளிப்பவர், கயிறு பிடிப்பவர் ஆகியோரிடையே பங்கு பிரித்த வழக்கம் உண்டு. இவற்றை எட்கர் தர்ஸ்டன், ஜேம்ஸ் ஹார்னல் போன்ற அரசு அலுவலர்கள் ஓரளவு எழுதினர். அவை அலுவலர் கண்ட காட்சி. கயிற்றின் மறுமுனையில் இருந்தவர் கண்டதை எழுத வேண்டியது எஞ்சியுள்ளது.

இரண்டாவதாக ஏடுகளைக் காக்க வேண்டும். ஆலயங்களிலுள்ள ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள், பழைய தோணிக் கணக்குகள், கடிதங்கள் ஆகியவற்றை நிழற்படம் எடுத்து வைத்தல் நன்று. ஓர் ஊரில் எந்த ஆண்டு கொள்ளைநோய் கண்டது என்பதை அடக்கப் பதிவேடு பெரிய வரலாற்று நூல்களைவிடத் தெளிவாகக் கூறும்.

மூன்றாவதாக நிலத்தைப் பதிவு செய்ய வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் தேசியக் கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அவற்றுள் பூவரசன்பட்டித் தீவும் விலங்குசல்லித் தீவும் நீரில் மூழ்கிவிட்டன. தீவு மறைந்தால் அதன் பெயரும் அதைச் சுற்றிய தொழில் நினைவும் ஒரு தலைமுறையில் மறையும்.

7. யாருடைய வரலாறு?

ஊர் வரலாறு எழுதுவதில் ஓர் இடர் உண்டு. ஒரு குலத்தின் பெருமையையோ ஒரு திருச்சபையின் வெற்றியையோ மட்டும் பாடும் கழகம், வரலாற்றுக் கழகம் ஆகாது. 1658இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். அவர்களோடு வந்த பல்தேயுஸ் என்னும் சீர்திருத்தச் சபைப் போதகர் பரதவ மக்களைத் தம் சபைக்கு ஈர்க்க முயன்றார். ஆட்சியாளரின் நெருக்கடிக்கிடையிலும் அம்மக்கள் தம் கத்தோலிக்க நம்பிக்கையில் உறுதியாக நின்றனர். சீர்திருத்த மரபினராகிய நாம் இச்செய்தியை மறைக்காமல் எழுதுதல் வேண்டும். ஒல்லாந்தர் 1750இல் தூத்துக்குடியில் கட்டிய ஆலயம் இன்று தென்னிந்தியத் திருச்சபையின் தூய திரித்துவ ஆலயமாக விளங்குகிறது. அதன் சுவர்களுக்குள் நம் வழிபாட்டின் தொடர்ச்சியும், பேரரசு வணிகத்தின் சுவடும் சேர்ந்தே உள்ளன.

அவ்வாறே, இக்கரையின் கதையில் உப்பளத் தொழிலாளர், பனையேறிகள், காயல்பட்டினத்து முஸ்லிம் வணிகர், கரிசல் நிலத்து உழவர், வலை பின்னிய பெண்கள் ஆகிய அனைவருக்கும் இடம் வேண்டும். முத்தை அணிந்தோரின் பெயர்கள் முன்னரே எழுதப்பட்டுள்ளன. முத்தை எடுத்தோரின் பெயர்களைச் சேர்ப்பதே கழகத்தின் தனிக்கடமை.

8. முடிவுரை

யோர்தானைக் கடந்த மக்கள், ஆற்றின் நடுவிலிருந்து எடுத்த பன்னிரண்டு கற்களைக் கில்காலில் நாட்டியதை யோசுவாவின் நூல் விவரிக்கிறது. பிற்காலத்தில் பிள்ளைகள் அக்கற்களைப் பற்றிக் கேட்பர் என்பதும், பெற்றோர் விடை கூற வேண்டும் என்பதும் அங்கு எதிர்நோக்கப்படுகின்றன. கல் மட்டும் நின்று, விடை கூறுவோர் இல்லாமற் போனால் நினைவுச் சின்னம் வெறுங்கல்லாகும்.

முத்துக்குளிப்போர் காலூன்றி இறங்கிய கல் இன்று ஏதேனும் ஒரு வீட்டின் கொல்லையில் கிடக்கலாம். அதை எடுத்துத் துடைத்து, இது யாருடையது, எந்தப் பாரில் இறங்கியது, எத்தனை எடை உடையது என்று எழுதி வைத்தால் அருங்காட்சியகத்தின் முதற்பொருள் ஆயத்தமாகிவிடும். கரையூர்களில் பணியாற்றும் ஆயர்களும், பள்ளி ஆசிரியர்களும், இறையியல் மாணவர்களும் தம் விடுமுறையில் ஒரு மாதத்தையேனும் இதற்கு ஒதுக்குவார்களாக. முதியோரிடம் கேட்டு எழுதும் பணியை முதலிலும், கட்டடத்தைப் பின்னரும் மேற்கொள்வது நலம்.