டேன் ரீவ்ஸ்: தேய்ந்த முழங்காலும் தேயாத அறிவும்

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை ஏந்தி ஓடும் ‘ரன்னிங் பேக்’ வீரருக்கு முழங்காலே மூலதனம். அதன் தேய்மான வேகத்தை எந்தப் பொருளியல் பாடநூலிலும் நான் கண்டதில்லை.

1965-இல் எந்த அணியும் தேர்ந்தெடுக்காத நிலையில் டேன் ரீவ்ஸ் டல்லாஸ் கௌபாய்ஸில் சேர்ந்தார். மறு ஆண்டே 16 டச்டவுன்கள் எடுத்தார். 1968-இல் முழங்கால் சிதைந்தது. ஓட்டம் தளர்ந்தாலும் ஆட்டத்தை வாசிக்கும் அறிவு தளரவில்லை. பயிற்சியாளர் டாம் லாண்ட்ரி, 1970-இல் வீரராக இருக்கும்போதே அவரைப் பயிற்சிக் குழுவிலும் சேர்த்துக்கொண்டார்.

1981-இல் டென்வர் பிராங்கோஸின் தலைமைப் பயிற்சியாளரானார். மூன்று முறை சூப்பர் பவுலை எட்டினார், மூன்றிலும் தோல்வி. 1998 டிசம்பரில், அட்லாண்டா ஃபால்கன்ஸ் பயிற்சியாளராக இருந்தபோது இதய அறுவை சிகிச்சை. சில வாரங்களிலேயே களத்துக்குத் திரும்பி, அணியை இறுதிப்போட்டிக்கு அழைத்துச் சென்றார். எதிரே அதே டென்வர். பத்துப் பருவங்கள் அவரிடம் ஆடி, மனக்கசப்புற்ற ஜான் எல்வே. மீண்டும் தோல்வி.

இந்த நான்கை மட்டும் எண்ணுவோர், லீக் ஆட்டங்களில் அவர் பெற்ற 190 வெற்றிகளைப் பேரேட்டின் எப்பக்கத்தில் எழுதுவர்? 2022 ஜனவரி 1 அன்று அவர் மறைந்தபோது, கேன்டன் நகரப் புகழ்க்கூடத்தில் அவர் பெயர் இருக்கவில்லை.